கைத்திரையும் கவனமும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டித் தென்காசியில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இக்கழகம் கால்கொண்ட நாளில் நம்முன் நின்ற குறை நூலில்லாக் குறையே ஆகும். ஒரு தேர்வுக் கையேட்டை நால்வர் பங்கிட்டுப் படித்தோம். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்டு எழுதிக்கொண்டோம். இன்று அக்குறை பெரிதும் நீங்கிற்று. நிலைப்பேழைகளில் நூல்கள் உள்ளன. கைப்பேசியிலோ ஒரு நூலகமே உள்ளது. ஆயினும், சென்ற சில ஆண்டுகளாக நம் வாசிப்பறைக்கு வரும் பிள்ளைகள் வேறொரு குறையைச் சொல்லக் கேட்கிறோம். “படிச்சது நிக்க மாட்டேங்குது, அண்ணே” என்கிறார்கள். ஒரு பக்கத்தின் அடிக்கு வருவதற்குள் அதன் தலைப்பகுதி மறந்துபோகிறது என்கிறார்கள். குரூப் 4 தேர்வில் 200 வினாக்களுக்கு மூன்று மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்து விடையளித்தல் வேண்டும். முப்பது நிமிடம்கூட அமர இயலாதவர் அம்மூன்று மணி நேரத்தை எங்ஙனம் கடப்பர்?

இதனினும் நம்மைச் சுட்டது மற்றொரு சொல். “எனக்கு இயற்கையாவே ஞாபகசக்தி கம்மி” என்று ஒரு பிள்ளை சொல்லிற்று. தோழர்களே, ‘இவர்கள் மண்டையில் எழுத்து ஏறாது’ என்று ஊரார் பன்னெடுங்காலம் நம்மீது சாற்றிவந்த பழிச்சொல் இது. அதைப் பொய்யாக்கவே இக்கழகம் தோன்றிற்று. இன்று அதே பழியை நம் பிள்ளை தன் வாயால் தன்மீதே சாற்றிக்கொள்கிறது. ஆதலின், இங்கு அறிவுரை கூற வந்தோமில்லை. அப்பழிக்கு உரிய குற்றவாளி யார் என ஆராயவே வந்தோம்.

ஒருநாள் மாலை வாசிப்பறையில் ஒரு சிறு சோதனை செய்தோம். வழக்கம்போல் அரைமணி நேரம் ரீல்ஸ் பார்க்குமாறு பிள்ளைகளிடம் சொன்னோம். அவர்கள் வியப்போடு நம்மைப் பார்த்துவிட்டு, மகிழ்ச்சியோடு பார்த்தார்கள். அரைமணி கழிந்தபின் கைப்பேசியை வைத்துவிட்டுப் பார்த்தவற்றையெல்லாம் தாளில் எழுதச் சொன்னோம். நான்கைந்துக்குமேல் எழுதியவர் எவருமில்லை. கடைசியாகப் பார்த்தது யாது என்ற வினாவுக்கே சிலர் மோட்டைப் பார்த்து யோசித்தனர். அதன்பின் சென்ற திங்களில் பார்த்த ஒரு திரைப்படத்தின் கதையை எழுதச் சொன்னோம். தாள் போதவில்லை! நினைவாற்றல் குறைந்த பிள்ளைகள் செய்யும் செயலா இது? இதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டோம். ஆயினும் அன்றிரவு நமக்கு ஒன்று விளங்கிற்று. பிள்ளைகளின் நினைவில் குறையில்லை. நினைவுக்குள் புகுவதற்கு முன்னரே பொருள் திரையிலிருந்து தள்ளப்பட்டுவிடுகிறது.

இதனைக் குற்றாலத்தை அறிந்த நமக்கு விளக்குதல் எளிது. பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலைமீது விழுவதில்லை. இடையில் பாறையில் குடையப்பட்ட பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த மடுவில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, அதன்பின்னரே கீழிறங்குகிறது. அம்மடு இல்லையேல் அருவியில் எவரும் நிற்க இயலாது. நம் மனத்திலும் அத்தகைய சிறுமடு ஒன்றுண்டு. கண்ணும் செவியும் கொணர்வதைச் சில கணங்கள் தேக்கிவைத்து, முன் அறிந்தவற்றோடு பொருத்தி, வேண்டியதை உள்ளே அனுப்புவது அது. அம்மடு மிகச் சிறியது. ஒரே வேளையில் நான்கு செய்திகளுக்குமேல் அதில் தங்குவது அரிது என்பது உளவியலார் கணிப்பு. அதில் தங்கியவற்றுள் ஒரு பகுதியே மூளையின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் அமைந்த உறுப்பின் வழியே நிலைத்த நினைவாகிறது. அவ்வேலையின் பெரும்பகுதி நாம் உறங்கும்போது நடைபெறுகிறது. பதினைந்து வினாடிக்கொரு காட்சி என வந்து விழுமாயின் மடு பொங்கி வழியுமேயன்றி உள்ளே ஒன்றும் இறங்காது. நள்ளிரவுவரை பார்த்துவிட்டுப் படுப்பவருக்கு உறக்கமும் குறைகிறது. இரு வழியும் அடைபடுகின்றன.

ஒரு நூலுக்குப் பக்க முடிவு உண்டு, அதிகார முடிவு உண்டு. திரைப்படத்திற்கு இடைவேளை உண்டு. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. முடிவு வரும் இடத்தில்தான் மனிதன் நிமிர்ந்து, ‘இன்னும் வேண்டுமா?’ எனத் தன்னைக் கேட்டுக்கொள்கிறான். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின் என்பார், கணினிப் பக்கத்தின் அடியை எட்டுமுன் அடுத்த பகுதி தானே வந்து சேரும் முறையை உருவாக்கினார். பயன்படுத்துவோர்க்கு வசதி என்றே அதனை அமைத்தார். பின்னாளில் அதன் விளைவைக் கண்டு அவரே வெளிப்படையாக வருந்தினார். பக்கத்தின் அடியை நீக்கியபோது அக்கேள்வி எழும் இடமும் நீங்கிற்று.

மற்றொரு பொறியும் இதில் உண்டு. ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைக்கும் புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாவே ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தது. பத்துக் காட்சிகள் சலிப்பூட்டினும் பதினோராவது நன்றாயிருக்கலாம் என்று நாம் தள்ளிக்கொண்டே இருப்பதும் அவ்வாறே. இதனைச் சோம்பல் என்று பெரியவர்கள் திட்டுவது முறையன்று. சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் பல்லாயிரவர் ஒருபுறம் அமர்ந்து, நம் வீட்டுப் பதினேழு வயதுப் பிள்ளையின் விரல் நிற்காதிருக்க வழி தேடுகின்றனர். மறுபுறம் அப்பிள்ளை தனியே நிற்கிறது.

இந்நோய் நம் தெருவுக்கு வந்த வழியையும் சொல்லிவிடுவோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையத்தின் விலை வீழ்ந்தது. 2019 ஏப்ரலில் டிக்டாக்கைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்கால ஆணை பிறப்பித்து, அத்திங்களிலேயே அதனை விலக்கிக்கொண்டது. 2020 ஜூன் 29-இல் நடுவண் அரசு எல்லைப் பூசலை ஒட்டி அச்செயலியையும் வேறு 58 செயலிகளையும் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. கடை மூடிற்று, சரக்கு அடுத்த கடையில் விற்றது.

அதே 2020-இல் பள்ளிகளும் மூடப்பட்டன என்பதை மறத்தலாகாது. வகுப்பு கைப்பேசியில் நடந்தது. நம் தெருவில் ஆட்டை விற்றும், கம்மலை அடகு வைத்தும் பிள்ளைக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள். கல்விக்கென்று வாங்கிய பொருளே கல்வியைத் தின்கிறது என்று அவர்கள் வருந்தும்போது, அவ்வருத்தத்தில் கடனும் வட்டியும் சேர்ந்திருக்கின்றன.

இனி, அறிஞர் கண்டவற்றுள் சிலவற்றைக் கூறுவோம். கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குளோரியா மார்க் என்பார், மனிதர் ஒரு திரையில் எவ்வளவு நேரம் கவனத்தை நிறுத்துகின்றனர் என ஆண்டுக்கணக்கில் அளந்துவந்தார். 2004-இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது, அண்மை ஆண்டுகளில் 47 வினாடி அளவுக்குக் குறைந்தது என்கிறார். 2023-இல் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் 60 பேரை வைத்து ஒரு சோதனை வெளியிட்டனர். ஒரு வேலையைச் செய்துகொண்டே, குறித்த சொல் வந்தால் குறித்த பொத்தானை அழுத்த நினைவில் கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. நடுவில் ஓர் இடைவேளை. சிலர் வாளா அமர்ந்திருந்தனர். சிலர் ட்விட்டரும், சிலர் யூடியூபில் நீண்ட காட்சியும், சிலர் டிக்டாக்கும் பார்த்தனர். திரும்பிவந்தபின் செய்ய நினைத்ததைப் பெரிதும் மறந்தவர்கள் டிக்டாக் பார்த்தவர்களே. ‘எதற்குக் கைப்பேசியை எடுத்தோம்?’ என்று கையில் வைத்துக்கொண்டே விழிக்கும் நம் நிலை இதுவேயன்றோ?

அதே வேளையில் கேட்டதையெல்லாம் நம்புதலும் கூடாது. மனிதனின் கவனம் பொன்மீனின் கவனத்தினும் சுருங்கிவிட்டது என்றொரு செய்தி பல்லாண்டாகச் சுற்றுகிறது. மேடைகளில் நாமும் கேட்டிருக்கிறோம். அதற்கு ஆதாரம் ஏதுமில்லை. கைப்பேசி மேசைமீது வெறுமனே கிடந்தாலே சிந்தனைத் திறன் குறைகிறது என 2017-இல் டெக்சாஸ் ஆய்வாளர்கள் கண்டதாகச் சொன்னார்கள். பின்னர் அதே சோதனையைச் செய்த சிலருக்கு அவ்விளைவு கிட்டவில்லை. ஆதலின் மூளை அழிந்துவிட்டது என்று அஞ்ச வேண்டுவதில்லை. கெட்டது பழக்கம். அது திருந்தக்கூடியது.

குற்றாலத்தைப் பற்றி மேலும் ஒன்று. சாரல் காலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் சென்று பாருங்கள். அருவியைக் கண்ணால் காண்பவரினும் கைப்பேசி வழியே காண்பவர் மிகுதி. லிண்டா ஹென்கல் என்னும் அமெரிக்கப் பேராசிரியை 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கலைக்கூடத்திற்கு மாணவரை அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படமெடுத்தவற்றினும் வெறுமனே பார்த்தவையே நன்கு நினைவிலிருந்தன. கருவி வைத்துக்கொள்ளும் என்று மனம் கைவிட்டுவிடுகிறது போலும். ஆனால் ஒரு பொருளின் சிறு பகுதியை உற்றுநோக்கி நெருக்கமாகப் படமெடுத்தவர்க்கு நினைவு குன்றவில்லை. ஆகவே குறை கருவியில் மட்டுமில்லை, உற்றுநோக்காமையிலும் உண்டு.

இனி, நாம் ஏன் பிறரினும் மிகுதியாக இதனைப் பொருட்படுத்துதல் வேண்டும்? இங்கே சற்று நின்று பேச விரும்புகிறோம்.

கௌதம தருமசூத்திரம் என்னும் பழைய சட்ட நூல் வேதம் பற்றிச் சூத்திரருக்கு மூன்று தண்டனைகளை வகுத்தது. காதால் கேட்டால் காதில் ஈயத்தையோ அரக்கையோ உருக்கி ஊற்றுதல். வாயால் ஓதினால் நாவை அறுத்தல். இவ்விரண்டையும் எல்லாரும் அறிவர். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நினைவில் வைத்துக்கொண்டால் உடலைப் பிளத்தல் என்பதே அது. மூன்றினும் கொடிய தண்டனை நினைவுக்குத்தான் விதிக்கப்பட்டது. சூத்திரருக்கே இந்நிலையெனில், நால்வருணத்துக்கும் வெளியே நிறுத்தப்பட்ட நம் முன்னோர் நிலை சொல்ல வேண்டுமோ? கற்றதை நெஞ்சில் இருத்திக்கொள்ளும் மனிதன் ஆபத்தானவன் என்று அதனை எழுதியவர் அறிந்திருந்தார். நினைவுக்கு அந்நாளில் அவ்வளவு விலை இருந்தது. அதையே இன்று நாம் விலையில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் முன்னோர் கவனத்தால் எழுந்தவர்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். வாரத்திற்கு ஓர் இதழ். அடுத்தது வரும்வரை படிக்கவும் பேசவும் ஏழு நாள் அவகாசம். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றபின், பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் காலையில் திறக்கும்போது நுழைந்து, மாலையில் மூடும்போது வெளிவந்தார். அரைவயிறு உண்டு படித்தார். 1923-இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். அவருக்கு இயற்கையிலேயே பேரறிவு இருந்தது மெய்யே. ஆயினும் நாள் முழுதும் ஓர் இருக்கையில் அமரும் உறுதி அவரே உண்டாக்கிக்கொண்டது.

அவர் 1956-இல் தழுவிய பௌத்தத்தில் ‘சதி’ என்றொரு பாலிச் சொல் உண்டு. (நம் தமிழில் அச்சொல்லுக்கு வேறு பொருள், குழப்பிக்கொள்ள வேண்டா.) அதன் வேர்ப்பொருள் நினைவு. ஆனால் புத்தர் அதனை விழிப்போடு ஒன்றைக் கவனித்தல் என்னும் பொருளில் கையாண்டார். நினைவும் கவனமும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன! ஆய்வுக்கூடங்கள் இந்நாளில் கண்டுசொல்வதும் இதனின்று வெகுதொலைவில் இல்லை.

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைக் கூறுவோம். 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளம் சிற்றூரில், தின்பண்டம் வாங்க வந்த நம் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி ஒரு கடைக்காரர் பண்டம் கொடுக்க மறுத்தார். அக்காட்சி கைப்பேசியில் பதிவாகிப் பரவிற்று. நாடே கண்டது. கைது நடந்தது, கடை பூட்டி முத்திரையிடப்பட்டது. கைப்பேசி இல்லையேல் அக்குழந்தைகள் வெறுங்கையோடு வீடு திரும்பியது அவ்வூர் எல்லையைத் தாண்டியிராது. ஆதலின் கருவியைப் பழிக்க நாம் ஒருப்படோம்.

ஆனால் அதன்பின் நடந்தது யாது என்று நம் இளைஞர் சிலரைக் கேட்டோம். காட்சி அனைவர்க்கும் நினைவிருந்தது. அக்கடைக்காரரின் சொற்களைக்கூடச் சொன்னார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், குற்றஞ்சாட்டப்பட்டோர் ஆறு திங்கள் அவ்வூருக்குள் நுழையலாகாது என்று தனி நீதிமன்றம் ஆணையிட்டதை அறிந்தவர் ஓரிருவரே. அச்சட்டத்தின் பத்தாவது பிரிவு அதற்கு இடமளிக்கிறது என்பதை ஒருவரும் அறியார். 1989-இல் இயற்றப்பட்ட சட்டம். நம் கையிலுள்ள படைக்கலம்! அவமானம் நினைவிலிருக்கிறது, தீர்வு நினைவிலில்லை. காரணம் எளிது. அவமானம் அரை நிமிடக் காட்சியாக வந்தது. தீர்வு நீதிமன்ற ஆணையாக, சில பத்திகளாக, பல நாள் கழித்து வந்தது. அதற்குள் நம் விரல் எத்தனையோ ஆயிரம் காட்சிகளைக் கடந்துவிட்டது. கோபத்தை மூட்டிவிட்டு வழியைக் காட்டாமல் நகர்ந்துபோவதே திரையின் இயல்பு. சாதிப் பெருமை பேசும் காட்சிகளும் அத்திரையிலேயே, அதே வேகத்தில், தென்மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளிடம் சென்று சேர்கின்றன. அதன் கேட்டை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கண்டோம்.

நமக்கு அருகிலேயே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்கிவருகிறது. அங்கே மென்பொருள் எழுதும் இளைஞர்களுள் இச்சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பிள்ளைகளும் உண்டு. ஒரு நிரலில் ஒரு பிழையைத் தேடிக் காலை முதல் மாலைவரை அமர்வது அவர்தம் தொழில். திரையை ஆக்குபவனுக்கு வேண்டிய பொறுமை வேறு, திரையைத் தள்ளுபவனின் பழக்கம் வேறு. நம் பிள்ளைகள் எப்பக்கம் அமர வேண்டும் என்பது கழகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. அங்ஙனம் ஓர் சட்டம் இங்கு வரும்வரை காத்திராமல் நம்மால் இயன்றதைச் செய்வோம் என்று செயற்குழுவில் பேசினோம். கைப்பேசியைப் பறிப்பதில் நமக்கு உடன்பாடில்லை. பறித்தால் ஒளித்துப் பார்ப்பர்.

வாசிப்பறை வாயிலில் மரத்தட்டு ஒன்று அமைத்துள்ளோம். மாலை 6 மணி முதல் 7 மணிவரை கைப்பேசிகள் ஒலியடக்கி அங்கே இருக்கும். நிருவாகிகளின் கைப்பேசியும் அங்கேதான். (முதல் வாரத்தில் நம்முள் இருவர் பத்து நிமிடத்திற்கொருமுறை சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.) முதல் நாற்பது நிமிடம் படித்தல். பின்னர் நூலை மூடிவிட்டு, படித்ததைப் பத்து நிமிடம் தாளில் எழுதுதல். எஞ்சிய பத்து நிமிடம் நூலைத் திறந்து ஒப்புநோக்குதல். இது நாமே புனைந்ததன்று. ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அறிஞர் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவரினும், படித்தபின் பாராமல் எழுதிப் பார்த்தவரே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரே கையேட்டை ஒருவர் வாசிக்க நாம் கேட்டு எழுதினோமே, அன்று வறுமையால் செய்ததும் இதற்கு உறவானதே.

தொடங்கிய நாளில் பதினோரு பேர் அமர்ந்தார்கள். மூன்றாம் நாள் ஆறு பேர். இப்போது மீண்டும் பத்துப் பன்னிருவர் வருகிறார்கள். தாளில் முதலில் நான்கு வரி எழுதிய பெண்ணொருத்தி இப்போது ஒரு பக்கம் எழுதுகிறாள். வரும் ஞாயிறு முதல் அவ்வேளையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழில் பிரிவு பிரிவாகப் படிக்கவிருக்கிறோம். பத்தாவது பிரிவைப் படித்து விளக்கும் பொறுப்பை அப்பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். வர விரும்புவோர் இன்றே வாயிலில் உள்ள ஏட்டில் பெயர் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம்.